சைன் அலைகளைக் கூட்டும்போது வீச்சமும் அவத்தையும் காண்பது எப்படி?

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்கள் இதை முதலில் திரிகோணகணிதத்தில் சந்திப்பார்கள். பௌதிகவியலில் அதே விடயம் அலைகளின் மேற்பொருந்துகையாக வரும். பிறகு மருதானை தொழில்நுட்பக் கல்லூரியிலோ மொறட்டுவையிலோ மின்னியல் படிக்கப் போனால், ஆடலோட்டப் (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம்) பாடத்தில் மறுபடியும் அதே கணக்கு நிற்கும். மூன்று இடத்திலும் வேறு வேறு சூத்திரமாகப் பாடமாக்கி, மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் பாடமாக்க எதுவுமே இல்லை. ஒவ்வோர் அலையையும் ஓர் அம்புக்குறியாக வரையத் தெரிந்தால் போதும். மிச்சம் எல்லாம் பைதகரஸ்.

குறியீடுகளை முதலில் பேசிக்கொள்வோம். நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும் கோணத்தை 'க' என்று எழுதுகிறேன். வீச்சத்துக்கு 'வீ', அவத்தைக்கு 'அ'. ஆகவே ஓர் அலை என்றால் வீ சைன்(க + அ). வீச்சம் என்பது அலை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரம் போகிறது என்பது. அவத்தை என்பது அது எவ்வளவு முந்திப் புறப்பட்டது என்பது. அ நேர்மறையாக இருந்தால் முந்துகிறது, மறையாக இருந்தால் பிந்துகிறது. கோணங்களை எல்லாம் பாகையிலேயே தருகிறேன். ஆரையனில் வேலை செய்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காமல் இருந்தால் சரி.

கூட்டத் தொடங்கும் முன்

ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: எல்லா அலைகளுக்கும் மீடிறன் (ஒரு செக்கனில் எத்தனை சுற்று என்பது) ஒன்றா? ஒன்றாக இருந்தால் மட்டுமே கூட்டுத்தொகையும் அதே மீடிறனுள்ள ஒரு சைன் அலையாக வரும். சைன் க உடன் சைன் 2க வைக் கூட்டினால் வருவது சைன் அலையே இல்லை. அதற்கு ஒற்றை வீச்சம், ஒற்றை அவத்தை என்று எதுவும் கிடையாது. வினாவில் 'க' வுக்கு முன்னால் உள்ள எண் எல்லா உறுப்பிலும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதைப் பார்க்காமல் இறங்கினால் அரை மணி நேரம் வீணாகும்.

அம்புக்குறி ஏன் வேலை செய்கிறது

வீ நீளமுள்ள ஓர் அம்பு, ஒரு புள்ளியில் பிணைக்கப்பட்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று எடுங்கள். அதன் நுனி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் குறித்தால் அதுதான் சைன் அலை. இரண்டு அலை என்றால் இரண்டு அம்பு. மீடிறன் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறியின் இறக்கைகளைப் போலத்தான்: எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஓர் இறக்கைக்கும் அடுத்த இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை. ஆகவே சுழற்சியையே மறந்துவிட்டு, க = 0 ஆக இருக்கும் கணத்தில் ஒரு படம் எடுத்து, அந்தப் படத்திலே அம்புகளைக் காவிகளாக (அளவும் திசையும் உள்ளவையாக) கூட்டிவிடலாம். வரும் விளையுள் அம்பின் நீளம்தான் வீச்சம். அது கிடைக்கோட்டோடு ஆக்கும் கோணம்தான் அவத்தை.

மின்னியலில் இந்த அம்புகளைச் சிக்கலெண்களாக எழுதிக் கூட்டும் முறையைப் பரவச் செய்தவர் சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ். 1893இல் அவர் அதை முன்வைத்த பிறகுதான் ஆடலோட்டச் சுற்றுகளைப் பொறியியலாளர்கள் சாதாரண அட்சரகணிதத்தாலேயே தீர்க்கத் தொடங்கினார்கள். சிக்கலெண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிடைக்கூறு (பக்கவாட்டில் எவ்வளவு), நிலைக்கூறு (மேல்கீழாக எவ்வளவு) என்று பிரிக்கத் தெரிந்தால் அதே வேலை நடக்கும்.

முதல் கணக்கு

3 சைன் க + 4 கோசைன் க.

சைன் க வின் குணகம் கிடைக்கூறு, கோசைன் க வின் குணகம் நிலைக்கூறு. காரணம் எளிது. வீ சைன்(க + அ) வை விரித்தால் (வீ கோசைன் அ) சைன் க + (வீ சைன் அ) கோசைன் க என்று வரும். முதல் அடைப்புக்குள் இருப்பது அம்பின் கிடைக்கூறு, இரண்டாவதில் இருப்பது நிலைக்கூறு. கோசைன் க என்பதே சைன்(க + 90°) என்பதால், அந்த அம்பு நேரே மேல்நோக்கி நிற்கிறது என்றும் பார்க்கலாம்.

ஆகவே வலப்பக்கம் 3, மேலே 4. நீளம் √(9 + 16) = 5. கோணத்தின் தாஞ்சன் 4/3, கோணம் 53.13°. விடை: 5 சைன்(க + 53.13°).

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விடயம் இலவசமாகக் கிடைக்கிறது. 3 சைன் க + 4 கோசைன் க + 7 இன் மிகப் பெரிய பெறுமானமும் மிகச் சிறிய பெறுமானமும் கேட்டால் 12உம் 2உம். வகையிடத் தேவையே இல்லை. 3 சைன் க + 4 கோசைன் க = 6 ஐத் தீர்க்கச் சொன்னால், தீர்வு இல்லை என்று ஒரே வரியில் எழுதலாம், ஏனென்றால் இடப்பக்கம் 5 ஐத் தாண்டாது.

பிழை ஒளிந்திருக்கும் இடம்: கால்வட்டம்

இந்த வகைக் கணக்கில் புள்ளி போவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

−√3 சைன் க + கோசைன் க என்பதை எடுங்கள். நீளம் √(3 + 1) = 2. தாஞ்சன் = 1/(−√3). கல்குலேற்றரில் நேர்மாறு தாஞ்சன் அழுத்தினால் −30° என்று காட்டும். உடனே 2 சைன்(க − 30°) என்று எழுதத் தோன்றும்.

க = 0 பிரதியிட்டுப் பாருங்கள். மூலக் கோவை 1 தருகிறது. நாம் எழுதிய விடை −1 தருகிறது. முழுவதும் தலைகீழ்.

என்ன நடந்தது? தாஞ்சன் 180° க்கு ஒரு தடவை திரும்ப வரும் சார்பு. எதிரெதிர்த் திசையில் நிற்கும் இரண்டு அம்புகளுக்கும் தாஞ்சன் ஒன்றே. கல்குலேற்றருக்கு நீங்கள் விகிதத்தை மட்டும்தான் கொடுத்தீர்கள். மறை அடையாளம் பின்னத்தின் மேலேயிருந்து வந்ததா கீழேயிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் அது எப்போதும் −90° க்கும் 90° க்கும் இடைப்பட்ட கோணத்தைத்தான் சொல்லும், அதாவது வலப்பக்க அரைவட்டம். நம்முடைய அம்போ இடப்பக்கம் மேலே நிற்கிறது. அதன் கோணம் 180° − 30° = 150°. விடை 2 சைன்(க + 150°). இப்போது க = 0 போட்டால் 2 சைன் 150° = 1. சரி.

ஆகவே பழக்கம் இப்படி இருக்கட்டும்: கோணத்தைக் கணிப்பதற்கு முன் ஒரு சிறு படம் கீறுங்கள். அளவுக்குக் கீற வேண்டியதில்லை. வலமா இடமா, மேலா கீழா என்று தெரிந்தால் போதும். கிடைக்கூறு மறையாக இருந்தால் கல்குலேற்றர் சொன்ன கோணத்தோடு 180° ஐக் கூட்டுங்கள். கிடைக்கூறு பூச்சியமாக இருந்தால் கோணம் 90° அல்லது −90°. அதற்குத் தாஞ்சனே வேண்டாம்.

கணினியில் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்செலிலும் பைதனிலும் 'ஏடான்2' (ATAN2) என்றொரு சார்பு இருக்கிறது. அதற்கு இரண்டு கூறுகளையும் தனித்தனியே கொடுப்பதால் சரியான கால்வட்டத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் எக்செலில் கிடைக்கூறு முதலில் வர வேண்டும், பைதனில் நிலைக்கூறு முதலில் வர வேண்டும். விடை இரண்டிலும் ஆரையனில்தான் வரும். கசியோ கல்குலேற்றரில் 'போல்' (Pol) விசை இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், கிடைக்கூறு முதலில். இணைந்த கணிதத் தாளுக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது என்பதால், பரீட்சைக்குப் படம்தான் துணை.

மூன்று அலை, கலந்து வந்தால்

இப்போது கொஞ்சம் முறுக்கான ஒன்று:

5 சைன்(க + 30°) + 4 கோசைன்(க + 60°) − 3 சைன்(க − 45°)

வழமையான வழியில், எல்லாவற்றையும் முதலில் சைனாக மாற்ற வேண்டும். கோசைன் வந்தால் 90° கூட்டுங்கள்: 4 சைன்(க + 150°). முன்னால் மறை அடையாளம் வந்தால் 180° கூட்டுங்கள்: 3 சைன்(க + 135°). இனி மூன்று அம்பு: நீளம் 5, கோணம் 30°, நீளம் 4, கோணம் 150°, நீளம் 3, கோணம் 135°.

கிடைக்கூறுகள் 4.330, −3.464, −2.121. கூட்டினால் −1.255.
நிலைக்கூறுகள் 2.5, 2, 2.121. கூட்டினால் 6.621.

நீளம் √(1.575 + 43.838) = 6.74. அம்பு இடப்பக்கம் மேலே, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. 6.621/1.255 இன் நேர்மாறு தாஞ்சன் 79.3°, ஆகவே கோணம் 180° − 79.3° = 100.7°. விடை 6.74 சைன்(க + 100.7°).

5, 4, 3 ஐக் கூட்டினால் 12. ஆனால் வீச்சம் 6.74தான். அம்புகள் ஒரே திசையில் நிற்காதவரை வீச்சங்களை அப்படியே கூட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதைவிடக் குறுகியது. விடை எப்படியும் ப சைன் க + ம கோசைன் க என்ற வடிவத்தில்தான் இருக்கப் போகிறது. க = 0 என்றால் சைன் பூச்சியம், மிஞ்சுவது ம. க = 90° என்றால் கோசைன் பூச்சியம், மிஞ்சுவது ப. அப்படியென்றால் எதையும் மாற்றாமல், கொடுத்த கோவையிலேயே இந்த இரண்டு பெறுமானங்களையும் பிரதியிட்டால் இரண்டு கூறுகளும் நேரே வந்துவிடும்!

க = 0: 5 சைன் 30° + 4 கோசைன் 60° − 3 சைன்(−45°) = 2.5 + 2 + 2.121 = 6.621.
க = 90°: 5 சைன் 120° + 4 கோசைன் 150° − 3 சைன் 45° = 4.330 − 3.464 − 2.121 = −1.255.

அதே எண்கள். கோசைனைச் சைனாக்கும்போது 90° கூட்டுவதா கழிப்பதா என்ற தடுமாற்றமே எழாது. அலையின் வரைபு கையில் இருந்தால் அதிலிருந்தும் இப்படியே வாசிக்கலாம்: தொடக்கத்தில் உள்ள உயரம் ஒன்று, கால் சுற்றுக்குப் பிறகு உள்ள உயரம் மற்றது.

இந்த வழியில் செய்தால் சரிபார்க்க மூன்றாவதொரு கோணம் வேண்டும். க = 45° போடுவோம். மூலக் கோவை: 5 சைன் 75° + 4 கோசைன் 105° − 0 = 4.830 − 1.035 = 3.795. நம் விடை: 6.74 சைன் 145.7° = 3.80. பொருந்துகிறது.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தில்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். 230 என்பது உச்சப் பெறுமானம் அல்ல. உச்சம் 230 × √2, ஏறத்தாழ 325 வோல்ற்று. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்குள் மூன்று பேஸ் இணைப்பு வருகிறது என்றால், ஒன்றுக்கொன்று 120° விலகிய மூன்று சைன் அலைகள் உள்ளே வருகின்றன என்று பொருள். இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு வோல்ற்றளவு?

325 சைன் க − 325 சைன்(க − 120°).

க = 0: −325 சைன்(−120°) = 281.5. க = 90°: 325 − 325 சைன்(−30°) = 325 + 162.5 = 487.5. நீளம் 563, கோணம் 30°. இந்த 563 உச்சம். √2 ஆல் வகுத்தால் 398. மூன்று பேஸ் மோட்டர்களில் '400 வோல்ற்று' என்று பொறித்திருப்பது இதனால்தான்.

மூன்று பேஸின் மின்னோட்டமும் ஒன்றாகக் கூடித் திரும்பும் நடுநிலைக் கம்பி இன்னும் சுவாரசியமானது. மூன்று பேஸிலும் ஒரே அளவு மின்னோட்டம் போனால் மூன்று அம்பும் ஒன்றையொன்று சமன்செய்து பூச்சியமாகிவிடும். ஆனால் ஒரு மாடியில் ஏசி ஓடுகிறது, இன்னொன்றில் வெறும் விளக்கு என்றால்? 10, 7, 4 அம்பியர் என்று வைப்போம். மூன்று சுமையும் ஒரே வகை, அவற்றின் அம்புகள் 0°, −120°, 120° இல் நிற்கின்றன. கிடைக்கூறு 10 − 3.5 − 2 = 4.5. நிலைக்கூறு −6.062 + 3.464 = −2.598. நீளம் √27, அதாவது 5.2 அம்பியர். மொத்தம் 21 அம்பியர் உள்ளே போகிறது, நடுநிலைக் கம்பியில் திரும்புவது 5.2 மட்டும். மின்வேலைக்காரர்கள் சுமையை மூன்று பேஸிலும் பகிர்ந்து போடச் சொல்வது சும்மா இல்லை. (மேசைமேல் செய்யும் கணக்கு இது. மெயின் போர்டைத் திறந்து அளப்பதைத் தகுதிபெற்றவரிடம் விடுங்கள்.)

அவத்தையைத் தராமல் நேரத்தைத் தந்தால்

சில கணக்குகளில் அவத்தை நேரே தரப்படாது. 'இரண்டாவது அலை 2 மில்லிசெக்கன் பிந்துகிறது' என்றோ 'அரை மீற்றர் கூடுதலாகப் பயணிக்கிறது' என்றோ இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு என்று கண்டு, அதன் பின்னமாக எழுதி, 360° ஆல் பெருக்குங்கள். 50 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். ஒரு மில்லிசெக்கன் 18°. 2 மில்லிசெக்கன் பிந்தினால் −36°.

தூரத்துக்கும் அப்படித்தான். கொழும்புச் சூட்டில் காற்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். பம்பலப்பிட்டிக் கோயில் திருவிழாவில் இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து 175 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றாகப் புறப்படுகிறது என்று எடுப்போம். அலைநீளம் 350/175 = 2 மீற்றர். நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒன்று மற்றதைவிட அரை மீற்றர் கூடுதலாக வந்தால் அவத்தை வித்தியாசம் 90°. ஒரு மீற்றர் என்றால் 180°. வீச்சங்களும் சமனாக இருந்தால் அந்த இடத்தில் அந்தத் தொனி ஏறக்குறைய கேட்காமலே போகும். இரண்டு அலை மட்டும் இருந்து வீச்சம் மட்டும் தேவை என்றால் கோசைன் விதியே போதும்: வீச்சங்கள் 5, 8, இடைக்கோணம் 60° என்றால் 25 + 64 + 2 × 5 × 8 × கோசைன் 60° = 129; வீச்சம் 11.36. விடை எப்போதும் வித்தியாசத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் இடையில், இங்கே 3 க்கும் 13 க்கும் இடையில், இருக்க வேண்டும். வெளியே போனால் எங்கோ அடையாளம் தவறியிருக்கிறது.

மீடிறன் வேறானால்

மேலே சொன்ன நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் காலிமுகத்திடல் கடலில் பார்க்கலாம். கடல் மட்டத்தை ஏற்றி இறக்கும் முக்கியமான இரண்டு அலைகளில், சந்திரனால் வருவதற்குச் சுற்று 12.42 மணித்தியாலம், சூரியனால் வருவதற்கு 12 மணித்தியாலம். ஓர் அம்பு மணிக்கு 28.98° சுற்றுகிறது, மற்றது 30°. இடைக்கோணம் மணிக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் மாறிக்கொண்டே போகிறது; 14.77 நாளில் ஒரு முழுச் சுற்று. அம்புகள் ஒரே பக்கம் நிற்கும் பூரணை, அமாவாசைக் காலங்களில் ஏற்ற இறக்கம் கூடும். எதிர்ப்பக்கம் நிற்கும்போது குறையும். கொழும்பில் வற்றுப்பெருக்கே ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் இது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. ஒலியில் இதே விளைவை அடிப்பு என்று படிக்கிறோம். இங்கே 'இதுதான் வீச்சம்' என்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. அந்தந்த நேரத்துக்கு ஒவ்வோர் அலையையும் தனித்தனியே கணித்துக் கூட்டத்தான் வேண்டும். 1872இல் பௌதிகவியலாளர் வில்லியம் தொம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கப்பிகளையும் ஒரு நூலையும் வைத்து அந்தக் கூட்டலைச் செய்யும் பொறியொன்றை வடிவமைத்தார்; துறைமுகங்களின் வற்றுப்பெருக்கு அட்டவணைகள் பல பத்தாண்டுகள் அந்த வகைப் பொறிகளால்தான் தயாரிக்கப்பட்டன.

கையைப் பழக்க மூன்று கணக்கு

முதலாவது: 5 சைன் க − 12 கோசைன் க. அம்பு வலப்பக்கம் கீழே நிற்கிறது, கல்குலேற்றர் சொல்லும் கோணத்தைத் தொட வேண்டாம். விடை 13 சைன்(க − 67.4°).

இரண்டாவது: 2 சைன்(க + 60°) + 2 கோசைன்(க + 60°). விரிக்கத் தொடங்காதீர்கள். க + 60° ஐ ஒரே கோணமாக வைத்துச் செய்தால் இரண்டு வரியில் 2√2 சைன்(க + 105°).

மூன்றாவது: மேலே சொன்ன மூன்று பேஸ் இணைப்பில் 12, 12, 0 அம்பியர். ஒரு பேஸில் ஒன்றுமே ஓடவில்லை. நடுநிலைக் கம்பியில் எவ்வளவு? கிடைக்கூறு 6, நிலைக்கூறு −10.39; முழு 12 அம்பியரும் அதில் ஓடுகிறது, −60° அவத்தையில்.